முதல் நாளே செய்துவிடுவாரா? அமெரிக்க ஆளுநர் வேட்பாளரின் வாக்குறுதிகளைப் படிக்கும் விதம்

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் பேச்சு வெள்ளை மாளிகையைத் தாண்டுவதில்லை. ஆனால் அங்கே ஒரு குடும்பத்தின் அன்றாடத்தைத் தொடுகிற பள்ளிக்கூடம், சாலை, மின்சாரம், சிறை, கருக்கலைப்புச் சட்டம் போன்றவற்றில் பெரும்பகுதி மாநிலத் தலைநகரங்களில்தான் முடிவாகிறது. 2026 நவம்பரில் 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தல். "அவர் வந்தால் வருமான வரியே கிடையாதாம்", "இவர் வந்தால் கரன்ட் பில் ஏறவே விடமாட்டாராம்" என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே செய்திகள் சுற்றத் தொடங்கிவிட்டன. யூடியூப் அரசியல் அலசல்களும் வேட்பாளர் சொன்னதை அப்படியே நடக்கப்போவதாக எடுத்துக்கொண்டு, அது நல்லதா கெட்டதா என்று மோதிக்கொள்கின்றன.

அந்தச் சண்டை அப்புறம் இருக்கட்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவர் செய்வதாகச் சொல்கிற காரியம் யார் கையில் இருக்கிறது?

நம் ஊர் ஆளுநர் வேறு

இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவில் மாநில மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் "நம்ம முதலமைச்சர் மாதிரி" என்று பலர் விளக்கம் சொல்வார்கள். பாதிதான் சரி.

நம் முதலமைச்சர் சட்டமன்றப் பெரும்பான்மை இருப்பதால்தான் அந்த நாற்காலியில் இருக்கிறார். பெரும்பான்மை போனால் பதவியும் போகும். ஆகவே அவர் ஒரு சட்டம் வேண்டும் என்றால் அவை பெரும்பாலும் நிறைவேற்றிக் கொடுத்துவிடும். அமெரிக்க ஆளுநர் கதை அப்படி இல்லை. ஆளுநருக்குத் தனித் தேர்தல், சட்டமன்றத்துக்குத் தனித் தேர்தல். ஆளுநர் ஒரு கட்சியாகவும் சட்டமன்றம் இன்னொரு கட்சியாகவும் நான்கு ஆண்டும் ஓடலாம். அவர் பதவிக்கு ஒன்றும் ஆகாது. ஜெயித்தவர் நினைத்தால் சட்டம் வந்துவிடும் என்று நாம் நம்புவது நம் ஊர்ப் பழக்கத்தால் வந்தது. குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர்

எண்பது வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். சங்கச் செயலாளர் பதவிக்கு ஒருவர் நிற்கிறார். மூன்று வாக்குறுதி தருகிறார். "வாட்ச்மேன் ராத்திரி தூங்காமல் பார்த்துக்கொள்வேன். மாதப் பராமரிப்புத் தொகையை ஐந்நூறு ரூபாய் குறைப்பேன். மாநகராட்சித் தண்ணீரை தினமும் வரவைப்பேன்."

மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்கிறார். ஆனால் வாட்ச்மேனின் ஷிப்ட்டை மாற்ற செயலாளரே போதும். பராமரிப்புத் தொகையைக் குறைக்கப் பொதுக்குழு கூட வேண்டும். கூடினாலும், லிஃப்ட் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று மூன்றாவது மாடிக்காரர் எழுந்து நிற்பார். மாநகராட்சித் தண்ணீருக்கு மனு கொடுக்கலாம், போய்ப் பேசலாம், அவ்வளவுதான்.

ஆளுநர் வேட்பாளரின் கொள்கைப் பட்டியலும் இந்த மூன்று வகையும் கலந்து வருவதுதான். தானே செய்யக்கூடியது, சட்டமன்றத்தோடு சேர்ந்து செய்யக்கூடியது, தன் கையில் இல்லாதது. பிரசார மேடையில் மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்தான்: "செய்வேன்."

ஆளுநர் கையில் உள்ள கருவிகள்

முதலாவது, நிர்வாக ஆணை. மாநில அரசுத் துறைகளுக்கு ஆளுநர் கையெழுத்திட்டுத் தரும் உத்தரவு இது. சட்டமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள சட்டத்துக்குள்தான் அது ஓட முடியும். சட்டத்தை மாற்றவோ புதிதாக வரி போடவோ அதனால் முடியாது. அடுத்து வரும் ஆளுநர் ஒரே கையெழுத்தில் அதை ரத்துசெய்தும் விடலாம்.

இரண்டாவது, வீட்டோ. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பும் அதிகாரம். சட்டமன்றம் போதிய பெரும்பான்மை திரட்டினால் வீட்டோவைத் தாண்டி அதே மசோதாவைச் சட்டமாக்கிவிடலாம். வர்ஜீனியாவில் இதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வட கரோலினாவில் ஐந்தில் மூன்று பங்கு போதும்.

இவை போக, துறைத் தலைவர்களையும் வாரிய உறுப்பினர்களையும் நியமிப்பது, மன்னிப்பு வழங்குவது, பேரிடரின்போது அவசரநிலை அறிவிப்பது, பட்ஜெட் வரைவைத் தயாரிப்பது எல்லாம் உண்டு. பட்ஜெட்டில் ஒரு சிக்கல்: ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும். மத்திய அரசைப் போலக் கடன் வாங்கிப் பற்றாக்குறையை ஆண்டுக்கணக்கில் ஓட்ட முடியாது. ஒரு வரியை எடுத்தால் இன்னொரு இடத்தில் வெட்டு விழும்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: ஆளுநர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஆணையிடலாம், தடுக்கலாம், நியமிக்கலாம். சட்டமும் வரியும் சட்டமன்றத்தின் வழியாகத்தான்.

வர்ஜீனியா, 2021

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடி கிடைக்காது. முழுதாக நடந்து முடிந்த ஒரு பதவிக்காலத்தைப் பார்ப்போம்.

வர்ஜீனியாவில் ஆளுநர் அடுத்தடுத்து இரண்டு முறை பதவி வகிக்க முடியாது. இப்படி ஒரு விதி உள்ள ஒரே மாநிலம் அதுதான். நான்கே ஆண்டு என்பதால் அங்கே எல்லா வேட்பாளருக்கும் அவசரம். 2021-இல் குடியரசுக் கட்சி சார்பில் நின்றவர் கிளென் யங்கின். கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், தேர்தலுக்குப் புதியவர். எதிரே ஜனநாயகக் கட்சியின் டெர்ரி மெக்காலிஃப், 2014 முதல் 2018 வரை அங்கே ஆளுநராக இருந்தவர். யங்கின் தன் வாக்குறுதிகளுக்கு வைத்த பெயரே "முதல் நாள் திட்டம்". மளிகைப் பொருள் வரியை ஒழிப்பது, பெட்ரோல் வரி உயர்வை நிறுத்திவைப்பது, வருமான வரியில் நிலையான கழிவை இரட்டிப்பாக்குவது, இனவெறி சட்டங்களிலும் அமைப்புகளிலும் ஊறியிருக்கிறது என்று பார்க்கும் கிரிட்டிகல் ரேஸ் தியரிக்குப் பள்ளிகளில் தடை, 20 புதிய சார்ட்டர் பள்ளிகள் எனப் பட்டியல் நீண்டது. சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், ஆனால் வழக்கமான அரசுப் பள்ளி விதிகளில் சிலவற்றிலிருந்து விலக்குப் பெற்று நடக்கும் பள்ளி.

சுமார் இரண்டு சதவீத வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவை 52-48 என்று அவர் கட்சிக்கு வந்தது. மேலவையான செனட் 21-19 என்று எதிர்க்கட்சியிடமே இருந்தது. என்னைக் கேட்டால், அவருடைய வாக்குறுதிகள் ஒவ்வொன்றின் விதியையும் தீர்மானித்தது இந்த 21-19 தான்.

முகக்கவசம்: ஓர் ஆணை பட்ட பாடு

2022 ஜனவரி 15 அன்று பதவியேற்ற யங்கின் அன்றே ஆணைகளில் கையெழுத்திட்டார். அவற்றில் இரண்டாவது, பள்ளியில் பிள்ளை முகக்கவசம் அணிய வேண்டுமா என்பதைப் பெற்றோரே முடிவுசெய்யலாம் என்றது. செய்தியில் பார்த்தவர்களுக்கு வாக்குறுதி நிறைவேறிவிட்டது. நிர்வாக ஆணை, ஒரே கையெழுத்து, முடிந்தது கதை.

முடியவில்லை. வர்ஜீனியாவின் அரசமைப்பு, பள்ளிகளை மேற்பார்வையிடும் பொறுப்பை உள்ளூர்ப் பள்ளி வாரியங்களிடம் தந்திருக்கிறது. போதாததற்கு, மத்திய நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கொரோனா வழிகாட்டுதல்களைப் பள்ளிகள் இயன்றவரை பின்பற்ற வேண்டும் என்று 2021-இல் நிறைவேறிய மாநிலச் சட்டம் ஒன்றும் இருந்தது. ஏழு பள்ளி வாரியங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. பிப்ரவரி 4 அன்று ஆர்லிங்டன் நீதிபதி ஆணைக்குத் தற்காலிகத் தடை விதித்தார். சட்டம் ஒன்று சொல்லும்போது ஆணை வேறொன்று சொல்ல முடியுமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

அடுத்த திருப்பம் சட்டமன்றத்தில். ஜனநாயகக் கட்சி செனட்டர் சாப் பீட்டர்சன் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, பெற்றோருக்கு அந்த உரிமையைத் தரும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. பிப்ரவரி 16 அன்று யங்கின் கையெழுத்திட்டார். ஆணையால் முடியாததை, எதிர்க்கட்சி உறுப்பினர் சிலரின் வாக்கோடு வந்த சட்டம் ஒரே மாதத்தில் முடித்துவைத்தது. முதல் நாள் கையெழுத்து கேமராவுக்கு. வேலையை முடித்தது இரண்டாவது கையெழுத்து.

மளிகை வரி: ஒன்றரை வந்தது, ஒன்று நின்றது

அப்போது வர்ஜீனியாவில் மளிகைப் பொருளுக்கு 2.5 சதவீத வரி. அதில் 1.5 மாநிலப் பங்கு. மீதி 1 சதவீதம் நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் போவது. முழுவதையும் எடுத்துவிடுவேன் என்பது பிரசாரப் பேச்சு. வரி சட்டமன்றத்தின் விஷயம் என்பதால் பேரம் நடந்தது. மாநிலப் பங்கான 1.5 சதவீதம் 2023 ஜனவரி 1 முதல் நீங்கியது. உள்ளூர்ப் பங்கு அப்படியே நின்றது.

வாக்குறுதியைக் காப்பாற்றினாரா? ஆதரவாளர் "ஆம்" என்பார், எதிராளி "அரைகுறை" என்பார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். நிலையான கழிவும் இதே பேரத்தில் உயர்ந்தது; தனிநபருக்கு 4,500 டாலராக இருந்தது 8,000 ஆனது. கேட்டது இரட்டிப்பு, கிடைத்தது அதற்குக் கொஞ்சம் குறைவு. பெட்ரோல் வரியைச் சில மாதம் நிறுத்திவைக்கும் யோசனையை செனட் தரப்பு ஏற்கவே இல்லை. சார்ட்டர் பள்ளிகள் 20 என்ற கனவு உள்ளூர் வாரியங்களின் அதிகாரத்தில் மோதி நின்றது. பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் "லேப் பள்ளி"களுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியதோடு அது வேறு வடிவம் எடுத்தது.

கருக்கலைப்பு விவகாரமும் இதே சுவரில்தான் முட்டியது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாநிலங்களிடம் விட்ட பிறகு, 15 வாரத்துக்கு மேல் தடை என்ற சட்டத்தை யங்கின் கேட்டார். செனட் மறுத்தது. 2023 நவம்பரில் சட்டமன்றத்தின் 140 இடங்களுக்கும் தேர்தல் வந்தபோது இரு அவைகளுமே ஜனநாயகக் கட்சியிடம் போயின. ஆளுநர் நாற்காலியில் இருந்தபடியே, தன் கொள்கைக்கான வழி அடைபட்டதை அவர் பார்க்க வேண்டியிருந்தது.

சுருக்கமாக: தனியாகச் செய்ததற்கு நீதிமன்றத் தடை, சேர்ந்து செய்ததில் பாதி வெற்றி, சேர ஆள் இல்லாததில் தோல்வி.

கையில் இல்லாதவை

குடியேற்றத்தை எடுத்துக்கொள்வோம். யாருக்கு விசா, யாரை நாடு கடத்துவது என்பதெல்லாம் மத்திய அரசின் அதிகாரம். நம் ஊர்ப் பிள்ளையின் ஹெச்1பி விசாவை ஆளுநரால் தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது. ஆனால் மாநிலக் காவல்துறை மத்தியக் குடியேற்றத் துறையோடு ஒத்துழைக்க வேண்டுமா என்பதை ஆளுநர் தீர்மானிக்க முடியும். 2025 பிப்ரவரியில் யங்கின் அப்படி ஓர் ஆணை பிறப்பித்தார். எனவே "குடியேற்றத்தில் கடுமை காட்டுவேன்" என்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டியது எல்லையைப் பற்றி இல்லை, போலீஸைப் பற்றி.

மின்கட்டணம் இதைவிடச் சிக்கல். 2025-இல் நியூ ஜெர்சியில் போட்டியிட்டு ஜெயித்த மிக்கி ஷெரில், பதவியேற்ற முதல் நாளே மின்கட்டண விஷயத்தில் அவசரநிலை அறிவித்துக் கட்டண உயர்வை நிறுத்துவேன் என்று பிரசாரம் செய்தார். அவசரநிலை அறிவிப்பது ஆளுநர் கையில். கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் மாநில வாரியத்துக்கு உறுப்பினர்களை நியமிப்பதும் அவர்தான். ஆனால் அங்கே மின்சாரத்தின் விலை பெருமளவு பிஜேஎம் என்ற கூட்டு மின்தொகுப்பின் சந்தையில் உருவாகிறது. 13 மாநிலங்களும் வாஷிங்டன் டிசியும் சேர்ந்த அமைப்பு அது. தரவு மையங்கள் மின்சாரத்தைக் குடிக்கத் தொடங்கியதும் அங்கே விலை ஏறிவிட்டது. ஆக ஒரே வாக்கியத்துக்குள் ஒரு பகுதி அவர் கையில், ஒரு பகுதி வாரியத்தின் கையில், மிச்சம் மாநிலத்துக்கு வெளியே.

ஒரே வாக்குறுதி, வேறு மாநிலம்

தமிழர் குழுக்களில் ஓஹியோ அடிக்கடி அடிபடக் காரணம் விவேக் ராமசாமி. சின்சினாட்டியில் பிறந்தவர், பெற்றோர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் பேசும் குடும்பம். 2025 பிப்ரவரியில் குடியரசுக் கட்சி சார்பில் ஓஹியோ ஆளுநர் போட்டியில் இறங்கியபோது, மாநில வருமான வரியைப் பூஜ்யமாக்குவது அவர் பேச்சில் முக்கிய இடம் பிடித்தது.

வர்ஜீனியாவில் யங்கினுக்கு இருந்த தடை அங்கே இல்லை. ராமசாமி களமிறங்கியபோது ஓஹியோ சட்டமன்றத்தின் 99 உறுப்பினர் கீழவையிலும் 33 உறுப்பினர் செனட்டிலும் அவர் கட்சிக்கே பெரும் பெரும்பான்மை. எனவே அங்கே கேட்க வேண்டியது "ஓட்டு கிடைக்குமா" என்பதைவிட "பணம் எங்கிருந்து வரும்" என்பதே. இன்னொன்றும் உண்டு: ஓஹியோவில் நகரங்கள் தனியாக வருமான வரி வசூலிக்கின்றன. கொலம்பஸில் அது 2.5 சதவீதம். மாநில வரி பூஜ்யமானாலும் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் தொடரும்.

கருக்கலைப்பில் அதே ஓஹியோ தலைகீழ். 2023 நவம்பரில் ஏறத்தாழ 57 சதவீத வாக்குகளோடு மக்களே அந்த உரிமையை மாநில அரசமைப்பில் எழுதிவிட்டார்கள். ஆளுநரும் சட்டமன்றமும் ஒரே கட்சியாக இருந்தாலும் சாதாரணச் சட்டத்தால் அதைத் தாண்ட முடியாது. அங்கே ஒரு வேட்பாளர் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினால் அவர் மனதைத்தான் தெரிந்துகொள்கிறோம், நடக்கப்போவதை இல்லை.

"கையெழுத்திட மாட்டேன்" என்பதன் எடை

வாக்குறுதிகளில் நான் அதிகம் நம்புவது எதிர்மறை வாக்குறுதியை. "கொண்டுவருவேன்" என்பதற்குப் பலர் துணை வேண்டும். "விடமாட்டேன்" என்பதற்கு ஒரு வீட்டோ போதும். 2025-இல் வர்ஜீனியாவில் ஜெயித்து, அந்த மாநிலத்தின் முதல் பெண் ஆளுநரான அபிகெயில் ஸ்பான்பெர்கர், "ரைட் டு ஒர்க்" சட்டத்தை முழுமையாக நீக்கும் மசோதா வந்தால் கையெழுத்திட மாட்டேன் என்று பிரசாரத்திலேயே சொன்னார். தொழிற்சங்கத்தில் சேராத தொழிலாளியிடம் கட்டாயச் சந்தா வாங்கக் கூடாது என்பதே அந்தச் சட்டம். அதை நீக்க வேண்டும் என்போர் அவருடைய சொந்தக் கட்சியிலேயே உண்டு; அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதில்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வட கரோலினா ஆளுநருக்கு வீட்டோ அதிகாரமே 1996-இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகுதான் வந்தது. 50 மாநிலங்களில் கடைசி அது. 2023 மே மாதம் அங்கே ஜனநாயகக் கட்சி ஆளுநர் ராய் கூப்பர் 12 வாரக் கருக்கலைப்புத் தடை மசோதாவை வீட்டோ செய்தார். ஆனால் அதற்கு முந்தைய மாதம் கீழவையில் ஓர் உறுப்பினர் கட்சி மாறியிருந்தார். அந்த ஒருவரால் குடியரசுக் கட்சிக்கு ஐந்தில் மூன்று பங்கு கிடைத்து, வீட்டோவைத் தாண்டிச் சட்டம் வந்துவிட்டது.

பட்டியலில் இல்லாத அதிகாரம்

வேட்பாளர்கள் பேசுவதெல்லாம் வரி, பள்ளி, குற்றம், மின்சாரம். ஆளுநர் யார் துணையும் இல்லாமல் செய்யக்கூடிய சில காரியங்கள் மேடையில் வருவதே இல்லை.

வர்ஜீனியாவில் கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வாக்குரிமையை இழக்கிறார். சிறையிலிருந்து வந்தாலும் அது தானாகத் திரும்புவதில்லை. திருப்பித் தரும் அதிகாரத்தை அரசமைப்பு ஆளுநரிடம் வைத்திருக்கிறது. 2016-இல் மெக்காலிஃப் ஒரே ஆணையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உரிமையைத் தந்தார். மொத்தமாகத் தர முடியாது, ஒவ்வொருவராகத்தான் தர வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று ரத்து செய்தது. அவரும் சளைக்காமல் ஒவ்வொருவராகவே தந்து, பதவி முடிவதற்குள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டினார். அடுத்து வந்த ரால்ஃப் நார்தம், சிறையிலிருந்து வெளிவந்த யாருக்கும் உரிமை திரும்பும் என்று வழியை இன்னும் அகலமாக்கினார்.

யங்கினின் முதல் நாள் திட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் ஆட்சியில் அந்த வழக்கம் நின்றுபோய், விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் தனியே பரிசீலிக்கப்படுவதாக மாறியது. 2023 மார்ச்சில் ஒரு கடிதத்தின் வழியாகத்தான் வெளியுலகுக்கு அது தெரிந்தது. இதற்கு மசோதாவும் தேவைப்படவில்லை, வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. செனட்டின் 21-19 குறுக்கே வரவும் இல்லை. மன்னிப்பு வழங்குவதும் இதே வகைதான். வேட்பாளர் விவாத மேடையில் யாராவது எழுந்து கேட்டால்தான் இவற்றுக்குப் பதில் வரும்.